எதிர்ப்பக்கம் தட்டிய ஆணி

கடுகு,

என் விரலில் தேசிக்காய்ப் புளியும் மண்ணெண்ணெயும் சேர்ந்து மணக்கிறது. சவர்க்காரம் போட்டுக் கழுவினேன், அடுப்புச் சாம்பலைப் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. நகத்தின் ஓரத்தில் கறுப்பாக ஒரு கோடு வேறு நிற்கிறது. உன் கடிகாரச் செயினில் இருந்து வந்த கறுப்பு அது. இப்போதுதான் பாக்கியம் அந்தக் கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டு படி இறங்கிப் போனாள். கடைசிப் படியில் நின்று, கையைத் தூக்கி நேரம் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை, காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டும் இல்லை, வேலையும் இல்லை. அப்படி என்ன நேரம் பார்க்க இருக்கிறது? நான் வாசல் இஸ்தோப்பில் நின்று பார்க்கிறேன் என்று தெரிந்துதான் அவள் பார்த்தாள்.

அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். எழுதிப் பழக்கம் இல்லை. ஆனால் உன்னோடு சண்டை போட வேண்டியிருக்கிறது. நீ இருந்திருந்தால் லய வரிசையில் உன் காம்பராவுக்குள் கதவைத் தட்டாமலே புகுந்து, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, உன் பானையில் இருப்பதைத் தின்றுவிட்டு வந்திருப்பேன். இப்போது அந்தக் கதவில் பூட்டுத் தொங்குகிறது. அதனால் பேத்தியின் பென்சிலை வாங்கி வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எனக்கு அந்தப் பாக்கியத்தின் மேல் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. வயிறு எரிகிறது. நீ செத்தால் அடங்கிவிடும் என்று நினைத்தேன். அடங்கவில்லை, கூடித்தான் போயிருக்கிறது.

இத்தனைக்கும் முதலில் எனக்குப் பொறாமை வந்தது அந்தக் கடிகாரத்தின் மேல்தான். உன் அப்பா பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். பழைய தொரை தோட்டத்தை விட்டுப் போன அன்று, தன் கையில் கிடந்ததைக் கழற்றி அவர் கையில் மாட்டிவிட்டுப் போனார். அப்போதே அது பழசு. கண்ணாடியில் கீறல், இரும்புச் செயினில் அங்கங்கே தேய்மானம். அடுப்படியில் கட்டினால் பாழாகிவிடும் என்று உன் அப்பா அதைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருந்தார். உங்கள் வீட்டில் ஆண் பிள்ளை இல்லை. நீ கொழுந்து எடுக்கப் பேர் பதிந்து தேயிலை மலைக்கு வந்த அன்று அதை உன் கையில் கட்டி அனுப்பினார். ஆம்பிளைக் கடிகாரம், உன் மணிக்கட்டில் நிற்குமா? முழங்கைப் பக்கம் மேலே தள்ளிவிட்டுக்கொண்டாய். அங்கே அது இறுக்கமாக உட்கார்ந்தது. அந்த மலையில் கங்காணிக்கும் உனக்கும்தான் கடிகாரம்.

“ஏ தொரைசானி, எத்தன மணி?” என்று கங்காணி கீழே இருந்து கத்துவார். அவர் கடிகாரம் நின்றுபோன நாளில் அப்படித்தான் கேட்பார்.

“வயித்தக் கேளுங்க கங்காணி, அது சரியாச் சொல்லும்” என்பாய் நீ. கொழுந்து எடுக்கிற நெறையே சிரிக்கும்.

எனக்குச் சிரிப்பு வராது. நான் ஏதாவது முக்கியமாகச் சொல்லிக்கொண்டிருப்பேன், நடுவில் நீ சட்டைக் கையை விலக்கி அதைப் பார்ப்பாய். “என்னாடி, என்னையவிட அதுதான் ஒனக்குப் பெருசா?” என்று ஒரு நாள் கேட்டே விட்டேன். “அது பேசாதுல்ல, அதான் பிடிச்சிருக்கு” என்றாய். அன்றைக்குப் பின்னேரம் வரைக்கும் உன்னோடு நான் பேசவில்லை. நீ அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

கடுகு என்று உனக்குப் பேர் வைத்தவள் நான். மழைக் காலத்தில் காலில் அட்டை ஏறிவிட்டால், எண்ணெய் காய்ந்த தாச்சியில் போட்ட கடுகு மாதிரி நின்ற இடத்தில் துள்ளுவாய். கூடையும் தலையில் துள்ளும். பேரைக் கேட்டதும் என்னை அடிக்க வந்தாய், பிறகு அதற்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாய். மற்றவர்களுக்கு முன்னால் நான் அப்படிக் கூப்பிட மாட்டேன். லயத்தில் எல்லோரும் உன் சொந்தப் பேரைச் சொல்லட்டும், இது எனக்கு மட்டும் என்று வைத்திருந்தேன்.

அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கத் தேவையில்லை. கை ஆடினால் அது ஓடும். கொழுந்து எடுக்கிற கை எங்கே ஓயப் போகிறது? சனிக்கிழமை கழற்றி வைத்தால் திங்கட்கிழமை நின்றிருக்கும். பெரட்டுக்கு வரும் வழியில் கையை உதறிக்கொண்டே வருவாய். ஃபேக்டரிச் சங்கு ஊதும்போது முள்ளைத் திருப்பி வைப்பாய். உன் கை ஆடுகிறவரைக்கும் அது ஓடும் என்பதில் உனக்கு ஒரு பெருமை.

கொழுந்தின் சாறு நம் விரலைக் கறுப்பாக்குகிற மாதிரி அந்தச் செயினையும் கறுப்பாக்கியது. நாம் விரலுக்குத் தேசிக்காய் தேய்ப்போம். செயினுக்கு யார் தேய்த்தது? பனியும் வேர்வையும் சாறும் கண்ணிக்குக் கண்ணி நடுவில் இறங்கிக் காய்ந்து, வருஷக்கணக்கில் கெட்டியாகிக்கொண்டே வந்தது.

நீ மெலிந்த வருஷம் கோயில் திருவிழாவுக்கு விரதம் இருந்தாய். விரதத்தால் மெலிகிறாய் என்றுதான் நினைத்தோம். ஒரு நாள் கொழுந்து நிறுக்கிற இடத்தில் உன் கூடையைக் கவிழ்த்ததும், இலையோடு இலையாகக் கடிகாரமும் விழுந்தது. முழங்கையில் கிடந்தது, கை வழியாக வழுகிக் கூடைக்குள் போயிருக்கிறது. உனக்கே தெரியவில்லை.

“இதையும் சேத்து நிறுக்கவா?” என்றார் கங்காணி.

“நிறுங்க. ஃபேக்டரியில அரைச்சுத் தொரைக்கே ஊத்திக் குடுங்க” என்றாய்.

அன்று தேத்தண்ணி நேரத்தில் நாம் இரண்டு பேரும் இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கை விரித்து உட்கார்ந்தோம். செயினைச் சின்னதாக்க வேண்டும் என்றாய். கையில் இருந்து கழற்றித் தரச் சொன்னேன், நீ தரவில்லை. “கழட்டினா நீ எங்கயாச்சும் புல்லுக்குள்ள போட்டுருவே, கையிலயே இருக்கட்டும்” என்றாய். சட்டை ஊக்கு ஒன்றும் ஒரு சின்னக் கல்லும்தான் நம் சாமான். கண்ணிகளைக் கோத்திருந்த ஆணி, கொண்டை ஊசி மாதிரி நடுவில் பிளந்திருக்கும். தட்டித் தள்ளி மூன்று கண்ணியை எடுத்துவிட்டு, மிச்சத்தைச் சேர்த்து, ஆணியைத் திரும்ப அடித்தேன். எந்தப் பக்கம் கைக்கு வசதியாக இருந்ததோ அந்தப் பக்கத்தால் அடித்தேன்.

பின்னேரம் நீ செயினைக் கழற்றிப் பார்த்திருக்கிறாய். உள்பக்கம், தோலோடு ஒட்டுகிற பக்கத்தில், கண்ணிக்குக் கண்ணி சின்னதாக அம்பு கீறியிருக்கிறது. ஆணி எந்தப் பக்கத்தால் வெளியே வர வேண்டும் என்று காட்டுகிற அம்பு. உன் கையில் ஒட்டிக் கிடந்ததில் எனக்கு அது எப்படித் தெரியும்? நீ என் காம்பராவுக்கு ஓடி வந்தாய்.

“ஏ புள்ள! எல்லா ஆணியும் இப்புடிப் போவுது, நீ அடிச்சது மட்டும் அப்புடிப் போவுது!”

“கழட்டித் தா, மாத்தி அடிக்கிறேன்.”

“வேணாம், இருக்கட்டும். அம்பப் பாத்துத் தட்டுறவன் தட்டத் தட்ட அது இறுகும். இனி ஒன்னத் தவிர எவளாலயும் இதக் கழட்ட முடியாது.”

சிரித்துச் சிரித்து உனக்கு இருமல் வந்தது. அந்த மூன்று கண்ணியையும் மிஞ்சிய ஆணியையும் நான் தைல டப்பாவுக்குள் போட்டு விளக்குப் பலகையில் வைத்தேன். தொலைத்துவிடாதே என்றாய். தொலைக்கவில்லை.

அந்த இருமல் நிற்கவில்லை. மலை ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று உன்னைப் பிள்ளைக் காம்பராவில் போட்டார்கள். வேலைக்குப் போகிறவர்களின் பச்சைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற அந்த இடத்தில் பாக்கியம் ஏற்கெனவே இருந்தாள். வெலிமடைப் பக்கத்தில் இருந்து நம் மேல் லயத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். உருளைக்கிழங்குத் தோட்டத்தில் மண் கிளறி வளர்ந்த கை, என் கணுக்கால் பருமன் இருக்கும் அவள் மணிக்கட்டு. நம்மைவிட வயதில் சின்னவள். உன்னை அக்கா என்பாள், என்னையும் அக்கா என்பாள்.

நான் மேலே மலையில், நீங்கள் இரண்டு பேரும் கீழே. அந்தப் பக்கம் பார்த்த நெறையாகக் கங்காணியிடம் கேட்டு வாங்குவேன். கொழுந்து நன்றாக இருக்கிறது என்று காரணம் சொல்வேன். நீலத் தகரக் கூரை தெரியும், கொடியில் பிள்ளைத் துணி தெரியும், வாசலில் நீங்கள் இரண்டு பேரும் ஏணையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரியும். நீ ஏதோ சொல்வாய், அவள் பின்னால் சாய்ந்து சிரிப்பாள். அவ்வளவு தூரத்துக்குச் சத்தம் வராது. சத்தம் இல்லாத சிரிப்பைத் தூரத்தில் இருந்து பார்க்கிற மாதிரி ஒரு பாடு கிடையாது, கடுகு. என்ன சொல்லியிருப்பாய் என்று நினைத்து நினைத்து முற்றல் இலையையும் சேர்த்துக் கிள்ளிப் போட்டுப் பேச்சு வாங்கியிருக்கிறேன்.

பின்னேரம் உன்னிடம் கேட்பேன். “என்னாத்துக்கு அப்புடிச் சிரிச்சீங்க?”

“ஞாபகம் இல்லயே” என்பாய்.

உனக்கு ஞாபகம் இல்லாமல் இருக்குமா?

பதுளை ஆஸ்பத்திரியில் உன்னைப் படுக்க வைத்தபோது, கூட நிற்க ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். உன் மகள் கொழும்பில், கைப்பிள்ளைக்காரி. நான் பாயைச் சுருட்டிக் கட்டினேன், மாற்றுச் சேலை எடுத்தேன், சுடுதண்ணிப் போத்தலைக் கழுவி வைத்தேன். நீ சொல்லி அனுப்பிவிட்டாய், “பாக்கியம் வரட்டும்” என்று. அவ்வளவுதான். காரணம் ஒன்றும் இல்லை. நான் கட்டிய பாயை அவிழ்த்து விரித்து அதிலேயே படுத்தேன்.

பார்க்க விடுகிற நேரத்துக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வருவேன். நம் தோட்டம் இருக்கிற நமுனுகுலையில் இருந்து அந்த வளைவெல்லாம் வளைந்து வந்து, பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வந்தால், கட்டில் பக்கத்தில் அவள் உட்கார்ந்து உனக்குத் தலை வாரிக்கொண்டிருப்பாள். அது நான் வாரிய தலை. நடு வகிடு உனக்குப் பொருந்தாது, இடது பக்கம் எடுக்க வேண்டும் என்று எனக்குத்தான் தெரியும். அவளும் இடது பக்கம்தான் எடுத்திருந்தாள். நீ சொல்லிக் கொடுத்திருக்கிறாய்.

உன்னை வீட்டுக்குக் கொண்டு வந்த அன்று லயம் நிறையச் சனம். சாவுக்கு அடித்த தப்புச் சத்தம் கேட்டு அடுத்த டிவிசனில் இருந்தும் வந்தார்கள். வந்த பொம்பிளைகள் முதலில் உன் மகளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அது முறை. அடுத்து யாரைத் தேடிப் போனார்கள் தெரியுமா? பாக்கியத்தை. “ஒங் கையிலதானே உசுரு போச்சு” என்று சொல்லிச் சொல்லி அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் விறகு அடுக்கின சுவர் ஓரமாக நின்றேன். என்னைத் தேடி ஒருத்தியும் வரவில்லை. கடைசியில் நானாகப் போய்ப் பொம்பிளைகள் தோளில் கை போட்டு வட்டமாக நின்று அழுத இடத்தில் நுழைந்தேன். எனக்குப் பக்கத்தில் வந்த தோள் அவளுடையது. கையை எடுக்கவும் முடியவில்லை.

கடிகாரத்தை ஆஸ்பத்திரியிலேயே அவளுக்குக் கொடுத்துவிட்டாய் என்று கருமாதி முடிந்த பிறகுதான் தெரியும். உன் மகளிடம் கேட்டேன். “அம்மா அவங்களுக்குத்தான் குடுக்கச் சொன்னாங்க பெரியம்மா. எனக்கெதுக்கு, ஃபோன்ல மணி பாத்துக்கிறேன்” என்றாள்.

இன்றைக்கு மத்தியானம் பாக்கியம் வந்தாள்.

“அக்கா, இருக்கீங்களா?”

“இல்லாம எங்க போறது?”

இஸ்தோப்புப் பலகையில் உட்கார்ந்து, சட்டைக்குள் இருந்து கைலேஞ்சித் துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தாள். உன் கடிகாரம். முள் நின்றிருந்தது. செயின், செத்த பூரான் மாதிரி வளைந்தது வளைந்தபடியே விறைத்துக் கிடந்தது.

“பூட்டுக்கூடத் தெறக்குதில்லக்கா. பதுளைக் கடத்தெருவுல கடிகாரக் கட முஸ்லிம் நானாகிட்டக் கொண்டு போனேன். தட்டிப் பாத்தாரு. ஆணி அசையுதில்ல புள்ள, பலவந்தம் பண்ணினா கண்ணி பொளந்துரும், சவர்க்காரச் சுடுதண்ணியில நல்லா ஊற வெச்சுப் பாரு, இல்லாட்டி இதத் தூக்கிப் போட்டுட்டுத் தோல் பட்டி போட்டுத் தாறேன்னாரு. வேணாம்னுட்டேன்.”

“ஏன் வேணாம்? தோல் பட்டி அழகா இருக்குமே.”

“அவங்க கட்டின செயினாச்சேக்கா.”

அது நான் சொல்ல வேண்டிய பேச்சு. என் வாயில் இருக்க வேண்டியது அவள் வாயில் இருந்து வருகிறது.

“எங் கைக்கு இது பத்தாது. மிச்சக் கண்ணி ஒங்ககிட்ட இருக்கும்னு அக்கா சொன்னாங்க. தைல டப்பாவுல வெச்சிருப்பா, தூக்கிப் போட்டிருக்க மாட்டான்னு.”

“இல்லயே” என்றேன்.

கதவு வழியாக உள்ளே பார்த்தாள். விளக்குப் பலகையில் டப்பா இருந்தது. அவளும் பார்த்தாள், அவள் பார்த்ததை நானும் பார்த்தேன். அதற்குள் மழை பிடித்துச் சாய்ந்து அடித்தது. நனைந்துகொண்டு போ என்று சொல்ல முடியுமா? அடுப்படிக்குள் வரச் சொல்லித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். சீனி குறைத்துத்தான் போட்டேன்.

அவள் அடுப்புப் பக்கம் குந்தி, தன் பாட்டில் சிரித்தாள்.

“என்னாடி?”

“இல்லக்கா, வாசல்ல தண்ணி ஓடுற கானப் பாத்தேன். நீங்க கூடையோட கானுக்குள்ள விழுந்து, எந்திரிக்காம உள்ளயே இருந்துகிட்டு கங்காணியத் திட்டினீங்களாமே.”

எனக்குக் காது சுட்டது. அவள் நிறுத்தவில்லை. கிளினிக்குக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு நாம் பதுளைக்குப் படம் பார்க்கப் போனது, திரும்பி வரும்போது பஸ்ஸில் உன் மாமியார் ஏறியது, நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நோயாளி மாதிரி நடித்தது, எல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. என் சொந்தக் கதையை எனக்கே சொல்கிறாள், அதுவும் உன்னை மாதிரியே கையை ஆட்டி.

“கடுகக்கா சொல்லும்போது எனக்குச் சிரிச்சு வயிறே வலிச்சிரும்.”

கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தேன். “யாரு?”

“கடுகக்கா. நீங்க வெச்ச பேருதானேக்கா? அவங்கதான் சொன்னாங்க. கடைசியில அப்புடித்தான் கூப்பிடச் சொன்னாங்க.”

“எதெதெல்லாம் ஒங்கிட்டச் சொன்னா?”

“எல்லாந்தான். அவங்களுக்குத் தூக்கம் ஏது? ஒங்களப் பத்தித்தான் பேசிக்கிட்டே இருப்பாங்க. ஒங்கள ஏன் தொணைக்கு நிக்கக் கூப்பிடலன்னுகூட...”

“அத நீ சொல்லாத” என்றேன்.

“இல்லக்கா, அவங்க...”

“சொல்லாதன்னா சொல்லாத.”

கோபிக்காதே. அதை நீ என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். அவள் வாய் வழியாக எனக்கு வேண்டாம். என்னைப் பற்றியே பேசினாயாம். பெரிய காரியம்! என்னிடம் பேசாமல், என்னைப் பற்றி அவளிடம் என்ன பேச்சு? பேரையும் கொடுத்துவிட்டாய், கதையையும் கொடுத்துவிட்டாய், வகிட்டையும் கொடுத்துவிட்டாய். எனக்கென்று எதைத்தான் மிச்சம் வைத்தாய்?

அப்போதுதான் போய் டப்பாவை எடுத்து வந்தேன். மனம் இளகி எடுக்கவில்லை. என்னிடமும் ஒன்று இருக்கிறது என்று அவளுக்குக் காட்டத்தான் எடுத்தேன்.

மூன்று கண்ணியும் ஒன்றோடு ஒன்று ஒட்டித் துருப்பிடித்துக் கிடந்தன. அவள் தொடவில்லை. கடிகாரத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

முதலில் பூட்டு. மண்ணெண்ணெய் ஒரு சொட்டு விட்டு, தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை விட்டு வைத்து, கத்தி நுனியால் மெல்ல நெம்பினேன். டக்கென்று விட்டது. பிறகு கடிகாரத்தைப் பொலித்தீனில் சுற்றித் தண்ணீர் படாமல் பிடித்துக்கொண்டு, செயினின் ஒரு பாதியைக் கோப்பையில் இருந்த சவர்க்காரச் சுடுதண்ணியில் இறக்கினோம். டப்பாக் கண்ணியையும் அதிலேயே போட்டோம். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கண்ணி இடுக்கில் இருந்து கறுப்பு நூல் மாதிரி இறங்கி வந்தது. தண்ணீர் வெறுந்தேத்தண்ணி நிறத்துக்கு வந்தது. பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன், இன்னும் வந்தது. கெட்டியாக நின்ற கறுப்புக்குத் தேசிக்காயை வெட்டிப் பூசினேன், நம் விரலுக்குப் பூசுவோமே அப்படி. மணம் அடித்தது பார், பச்சைக் கொழுந்தும் வேர்வையும் இரும்பும் கலந்த மணம். முதல் தடவை நெறையில் உன் பக்கத்தில் நின்றபோது அடித்த அதே மணம். நான் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டேன். இதைக் கழுவிவிட்டால் உன்னில் என்ன மிச்சம் இருக்கும் என்று நினைத்தேன்.

“ஊத்திட்டு வேற தண்ணி எடுக்கவாக்கா?” என்று அவள் கோப்பையைத் தூக்கினாள்.

“ஊத்தாத!”

அவள் பயந்துபோய்த் திரும்ப வைத்தாள். அதை ஓரமாக நகர்த்திவிட்டு வேறு கோப்பையில் தண்ணீர் எடுத்தேன். மறுபாதியையும் அப்படியே ஊற வைத்தோம். கண்ணி ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தது. விரலால் மடக்கினால் முதலில் அரைவாசி மடங்கும், எண்ணெய் தொட்டு இன்னொரு தரம் மடக்கினால் முழுதாக மடங்கும். கடைசியில் செயின் என் உள்ளங்கையில் தண்ணீர் மாதிரி வழிந்தது. உன் கையில் கிடந்தபோதுகூட அது அப்படி வழிந்ததில்லை.

மிச்சம் இருந்தது அந்த ஆணி ஒன்றுதான். அதைக் கழற்றினால்தான் மூன்று கண்ணியையும் சேர்க்க முடியும்.

பாக்கியம் செயினை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். “இங்க அம்பு கீறியிருக்குக்கா. நானாவும் இந்தப் பக்கத்தாலதான் தட்டினாரு.”

மெல்லக் கேட்டேன். “இந்த ஆணியப் பத்தி அவ ஏதாச்சும் சொன்னாளா?”

“ஆணியப் பத்தியா? இல்லயே.”

“நல்லா யோசிச்சுப் பாரு. செயினச் சின்னதாக்கின கத சொல்லியிருப்பாளே.”

“கடிகாரம் கூடைக்குள்ள விழுந்த கத சொன்னாங்க. தொரைக்கு அரைச்சு ஊத்தச் சொன்னதையும் சொன்னாங்க. ஆணியப் பத்தி ஒண்ணும் சொல்லல. ஏன்க்கா, என்னா?”

“ஒண்ணுமில்ல.”

நீ செத்ததில் இருந்து எனக்கு ஒரு நல்ல காரியம் நடந்தது என்றால் அது அந்த ஒரு நிமிஷம்தான். சிரிப்பு வந்தது, அடுப்புப் புகையைக் காட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“மழை விட்டுருச்சான்னு பாரு. கொடியில துணி கெடக்கு, எடுத்துட்டு வா” என்று அவளை வெளியே அனுப்பினேன். செயினைத் திருப்பிப் பிடித்தேன். சட்டை ஊக்கின் முனையை அம்புக்கு எதிர்ப்பக்கம் வைத்துச் சின்னக் கல்லால் தட்டினேன். முதல் தட்டுக்கு ஒன்றும் இல்லை. சுடுதண்ணியில் காட்டி எண்ணெய் விட்டு மறுபடி தட்டினேன். பால் பல் விழுகிற மாதிரி அசைந்து, அசைந்து, வெளியே வந்தது.

அவள் துணியோடு வந்து வாயைப் பிளந்தாள். “எப்புடிக்கா வந்துச்சு?”

“ஊறிருச்சு” என்றேன்.

மூன்று கண்ணியையும் சேர்த்தேன். இரண்டு ஆணியையும் அடித்தேன். எந்தப் பக்கத்தால் அடித்தேன் என்று நினைக்கிறாய்? அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இரண்டையும் எதிர்ப்பக்கத்தால்தான் அடித்தேன். இனி அதைப் பெருசாக்க வேண்டும், சின்னதாக்க வேண்டும் என்றால் அவள் என்னிடம்தான் வர வேண்டும். பதுளை நானா பாவம், தட்டித் தட்டிப் பார்க்கட்டும்.

“மெலிஞ்சா எங்கிட்டக் கொண்டு வா, வேற யாருகிட்டயும் குடுக்காத” என்றேன்.

“நான் என்னைக்குக்கா மெலியப் போறேன்?” என்றாள். அதற்கு நானும் சிரித்துவிட்டேன். அது வேறு எனக்கு ஆத்திரம்.

அவள் கையில் நான்தான் பூட்டிவிட்டேன். கச்சிதமாக உட்கார்ந்தது. அவள் கையை ஒரு தரம் உதறினாள், உன்னை மாதிரி. முள் ஓடத் தொடங்கிவிட்டது. வெட்கம் கெட்ட கடிகாரம். உன் கை ஆடினால் ஓடியது, அவள் கை ஆடினாலும் ஓடுகிறது. அதற்கு ஆள் தேவையில்லை, கை இருந்தால் போதும்.

அவள் போய்விட்டாள். அந்தக் கறுப்புத் தண்ணீர்க் கோப்பை இன்னும் அடுப்படியில் மூடி வைத்தபடி இருக்கிறது. அதை என்ன செய்வது என்று தெரியவில்லை, ஊற்ற மனம் வரவில்லை. தைல டப்பா வெறுமையாகிவிட்டது. பலகையில் வைத்த இடத்திலேயே வைத்திருக்கிறேன். என்னிடம் இப்போது உன் சாமான் ஒன்றும் இல்லை. அம்புக்கு எதிர்ப்பக்கம் என்கிற அந்த ஒன்று மட்டும் இருக்கிறது. அதை நான் என் மகளிடமும் சொல்லப்போவதில்லை, பேத்தியிடமும் சொல்லப்போவதில்லை.

ஆனால் ஒன்று என்னைத் தூங்க விடப்போவதில்லை. கூடை விழுந்த கதையைச் சொன்னாய், கங்காணி கேட்டதைச் சொன்னாய், என் டப்பாவைக்கூடச் சொன்னாய். அதற்கு அடுத்து வர வேண்டியது ஆணிக் கதைதானே. நீ அத்தனை தூரம் சிரித்து இருமியது அதற்குத்தானே. அந்த இடத்துக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டிருக்கிறாய். என்னைத் தவிர எவளாலும் கழற்ற முடியாது என்று நீ சொன்னது உனக்கு நினைவிருந்ததா? அதை எனக்கென்று வைத்துவிட்டுப் போனாயா கடுகு, இல்லை, அந்த நேரம் பார்த்து உனக்குத் தூக்கம்தான் வந்துவிட்டதா?